கட்டைவிரல் தையல்

எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் அது முதலில் எங்கே பிரியும் என்றுதான் அவர் தேடுவார். பையென்றால் கைப்பிடி சேருமிடம், செருப்பென்றால் வார் நுழையுமிடம், குடையென்றால் கம்பியின் நுனி. இரண்டு விரலால் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். நின்றால் தலையை அசைத்துத் திருப்பிக் கொடுப்பார். நிற்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுப்பார். நான் ஆசையாக வாங்கிய புதுக் கைப்பையை ஒன்றும் சொல்லாமல்தான் திருப்பிக் கொடுத்தார். அது மழைக்காலம் முடிவதற்குள் அறுந்தது.

பம்மலில் தோல் கையுறை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். வெல்டிங் வேலை செய்பவர்கள் முழங்கை வரை போட்டுக்கொள்வது. பையில் எப்போதும் ஒற்றைக் கையுறை ஒன்று இருக்கும். யாராவது என்ன தொழில் என்று கேட்டால் பேச மாட்டார், அதை எடுத்து மேசையில் வைப்பார்.

"இது எங்க கிழியும் சொல்லுங்க மேடம்" என்று முதல் நாள் என்னிடம் கேட்டார். உள்ளங்கையைக் காட்டினேன்.

"எல்லாரும் அங்கதான் காட்டுவாங்க. அதனால அங்க எல்லாரும் டபுள் தோல் வெச்சுடுவாங்க. கட்டைவிரல் வந்து சேருது பாருங்க, இந்த மூலை. இந்தத் தையல்தான் முதல்ல பிரியும். நான் தையக்காரன் கையெல்லாம் பாக்க மாட்டேன். இதை இழுத்துப் பாப்பேன். நின்னா வேலை."

நான் வேலை செய்த வங்கியில் எல்லோரும் அவரைக் கிளவுஸ் அம்மா என்றார்கள். அவர் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே வாசலிலிருக்கும் செக்யூரிட்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மேடம், கிளவுஸ் அம்மா வந்துகினு கீறாங்க" என்று அறிவிப்பார். கறுப்பு புர்கா, தடித்த மூக்குக்கண்ணாடி, நீளமான ஆண்கள் குடை. உள்ளே வந்ததும் செக்யூரிட்டியிடம், "துப்பாக்கில குண்டு இருக்கா, இல்ல இன்னைக்கும் சும்மாதானா?" என்று கேட்பார். "இருந்தா மட்டும் சுட வுட்ருவாங்களா?" என்பார் அவர். அவர் வரும்போதெல்லாம் இது நடக்கும்.

என் வேலை, நடப்புக் கணக்கு வைத்திருக்கும் வியாபாரிகளை இன்டர்நெட் பேங்கிங்குக்கு மாற்றுவது. பெண் பிறந்து ஒரு வயது முடிந்து, மறுபடி வேலைக்கு வந்திருந்தேன். சேலையூரில் மாமியாரிடம் குழந்தையை விட்டு வருவேன். அவளுக்கு வீசிங் இருந்தது. காலையில் மூச்சுச் சத்தம் சரியாக இருந்ததா, இல்லை சரியாக இருந்ததாக நானே நினைத்துக்கொண்டேனா என்று தாம்பரம் ஸ்டேஷன் தாண்டும்வரை யோசித்துக்கொண்டே வருவேன். பிறகு நாள் முழுக்க மற்றவர்களிடம் பயப்பட வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

அவர்கள் பயப்படக் காரணங்கள் வைத்திருந்தார்கள். குரோம்பேட்டையில் டைல்ஸ் கடை வைத்திருந்தவர், சீல் குத்திய சலான் இல்லாமல் போன பணம் போனதுதான் என்றார். மரக்கடைக்காரர், கரண்ட் போனால் பணம் நடுவழியில் நின்றுவிடுமா என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மருந்து மொத்த வியாபாரி தன் கணக்குப்பிள்ளைக்கு கம்ப்யூட்டர் வராது என்றார். பிறகு விசாரித்ததில் கணக்குப்பிள்ளைக்கு நன்றாக வரும், இவருக்குத்தான் வராது என்று தெரிந்தது. இன்னொருவர், தான் வங்கிக்கு வருவதே மேனேஜருக்கு வணக்கம் சொல்லத்தான், நாளைக்கு லோன் கேட்டால் கம்ப்யூட்டர் தன் முகத்தை ஞாபகம் வைத்திருக்குமா என்றார். எல்லாவற்றுக்கும் தலைமை அலுவலகம் பதில் அச்சடித்துக் கொடுத்திருந்தது. ஒப்புக்கொண்டவர்களும் அந்தப் பதில்களுக்காக ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்க்கடைக்காரர் மாறிவிட்டார் என்று தெரிந்ததும் மாறினார்கள்.

கிளவுஸ் அம்மா என் பேச்சை முழுதாகக் கேட்டார். திரையில் செய்து காட்டியதையும் பார்த்தார். கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இதுல கட்டைவிரல் எது?"

அச்சடித்த தாளில் அதற்குப் பதில் இல்லை. யோசித்து, "பாஸ்வேர்டுதாம்மா" என்றேன்.

"அது யார் கையில இருக்கும்?"

"உங்க கையிலதான். வேற யாருக்கும் தெரியாது. மனசுலயே வெச்சுக்கணும்."

"அப்ப கையில இல்ல, வாயில." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கையெழுத்தை எவனும் என் கையிலேர்ந்து உருவ முடியாது மேடம். வாயிலேர்ந்து உருவ எவ்வளவு நேரம் ஆகும்? மவன் ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தா போதும்."

மகன் ஒருவர்தான். பட்டறையில் வெட்டு, தையல், சப்ளை எல்லாம் அவர் பார்த்தார். நல்ல மனிதர். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, சத்தம் உயர்த்தாமல் பேசுவார்.

"எனக்கு ஒரு புள்ளை இருக்கு மேடம். ஊசி டஜன் கணக்கில வாங்கணும்னா உம்மா கையெழுத்து. மெஷின்காரன் வந்து நிக்கிறான், உம்மா மதியம் லுஹர் தொழுதுட்டு வரட்டும்னு நானும் அவன் கூட நிக்கிறேன். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. கிளவுஸ் அம்மாவின் கணக்கு மாறினால் மேனேஜரின் அறையில் இருக்கும் வெள்ளைப் பலகையில் என் பெயருக்கு நேராக ஒன்று கூடும். அதற்காகச் சொல்கிறேனா, மகனுக்காகச் சொல்கிறேனா என்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று நினைத்தேன். பிரிக்க முடியவில்லை. பேசாமல் விட்டேன்.

கரண்ட் போன ஒரு மதியம் கிளவுஸ் அம்மாவே காரணத்தைச் சொன்னார். ஜெனரேட்டர் கிளம்பவில்லை, கம்ப்யூட்டர்கள் அணைந்துவிட்டன, எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தோம். கணவர் இறந்தபோது அவர் இத்தா இருந்திருக்கிறார். கணவனை இழந்தவர் வெளியே போகாமல் வீட்டிலேயே கழிக்க வேண்டிய மாதங்கள் அவை. பட்டறை நிற்கக் கூடாதே என்று காசோலைப் புத்தகம் முழுக்க, தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொழுந்தனாரிடம் கொடுத்திருக்கிறார். நாள் முடிந்து வெளியே வந்து பார்த்தால், அடுத்த தெருவில் கொழுந்தனார் பெயரில் புதுப் பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. மெஷின்கள்கூட இவர் பட்டறையில் இருப்பதைவிடப் புதுசு.

"யாராவது கேட்டா, இத்தாவுல இருந்ததாலதான் போச்சும்பாங்க" என்றார். "இல்ல மேடம். இத்தா என் கடமை, இருந்தேன். காலி செக்குல கையெழுத்து போட்டது என் முட்டாள்தனம். ரெண்டையும் ஒண்ணா தைக்கக் கூடாது."

"அவர்கிட்ட கேக்கலையாம்மா?"

"அவன் பொண்ணு கல்யாணத்துக்குப் போயி பிரியாணி சாப்டுட்டு வந்தேன். நல்லா இருந்துச்சு."

கொழுந்தனார் செய்ததை மகன் செய்வார் என்று அவர் நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒருமுறை அதைக் கேட்டேவிட்டேன். "அவன் எடுத்துட்டுப் போவான்னு பயமில்ல. அவன்கிட்ட கேக்கற நெலமைக்கு நான் வந்துடுவேன்னு பயம்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை வளர விடவில்லை. என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியை இழுத்துப் பார்த்தார்.

இதையெல்லாம் வைத்து அவரைத் துணிச்சலான பெண் என்று எழுதிவிடலாம். அப்படி முழுதாக எழுத முடியவில்லை. பட்டறையில் வேலை செய்யும் பெண்களை முகத்துக்கு நேரே பேசுவார். மருமகள் பி.காம். முடித்தவள் என்று மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணைப் பட்டறைப் பக்கமே வரவிட்டதில்லை. தன்னை நம்பியவர்களையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பவருடன் ஒரு வீட்டில் வாழ்வது எப்படி இருக்கும் என்று சில சமயம் நினைப்பேன். பிறகு என் மாமியாரைப் பற்றி யோசிக்காமல் இவரைப் பற்றி ஏன் யோசிக்கிறேன் என்று நிறுத்திக்கொள்வேன்.

ஒருநாள் என் மேசைக்கு வந்தவர், நான் வேறொரு வாடிக்கையாளரிடம், "கார்டையும் நம்பரையும் யார்கிட்டயும் கொடுக்காதீங்க சார், வீட்டு ஆளுங்ககிட்டகூட" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டபடி காத்திருந்தார். அந்த வாடிக்கையாளர் போனதும் உட்கார்ந்தார்.

"உங்க ஏடிஎம் கார்டு எங்க இருக்கு மேடம்?"

கைப்பையைத் தொட்டேன். தொட்டபிறகுதான் நினைவு வந்தது. "வீட்டுக்காரர் சட்டைப் பையில."

"நம்பர்?"

"அதுவும் அவருக்குத் தெரியும். அவர்தான் மாசமாசம் எடுத்துட்டு வருவார். எனக்கு ஏடிஎம் வரிசைல நிக்க நேரம் இருக்காது."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சிரித்து முடித்திருப்பேன். "நல்லவரு போல" என்றார். அவ்வளவுதான். என் கணவர் உண்மையாகவே நல்லவர். அதை நிரூபிக்க வேண்டியது போல அன்று முழுக்க எனக்குள் பேசிக்கொண்டிருந்தேன்.

கிளவுஸ் அம்மா இன்டர்நெட் பேங்கிங்குக்கு மாறியதும் என் பேச்சால் இல்லை. ஒரகடம் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்று கையுறை கேட்டிருந்தது. ராணிப்பேட்டையிலிருந்து தோல் எடுக்க அன்றைக்கே பணம் அனுப்ப வேண்டும். அவர் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். வந்து கையெழுத்து போடுவதற்குள் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது. மகன் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லையாம். இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

"சொன்னேன்ல" என்று என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து படிவத்தில் கையெழுத்து போட்டார். இழுத்து இழுத்து, கடைசியில் ஒரு சுழியோடு முடியும் கையெழுத்து. மகன் பின்னால் நின்றிருந்தார். அவர் முகத்தில் பல மாதமாக நான் பார்க்காத வெளிச்சம் இருந்தது.

பாஸ்வேர்டு ஒட்டிய உறையில் தபாலில் வந்தது. முதல் முறை உள்ளே போனதும் அதை மாற்றச் சொல்லும். வங்கி மூலையில் வாடிக்கையாளர்களுக்காகவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து, என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, ஒற்றை விரலால் புது பாஸ்வேர்டைத் தட்டினார். உறையின் பின்பக்கம் அதை எழுதிக்கொண்டார். எழுதக் கூடாது என்று நான் சொல்வதற்குள் எழுந்து, "லாக்கர் திறக்கணும்" என்றார்.

லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று வங்கியுடையது, அது என் பொறுப்பில் இருந்தது. மற்றது அவருடையது. இரண்டையும் போட்டுத் திறந்தோம். நகைப் பெட்டிக்கு மேல் உறையை வைத்துப் பூட்டினார்.

அதன்பிறகு இன்டர்நெட்டில் பணம் அனுப்ப வேண்டிய நாளெல்லாம் ஷேர் ஆட்டோவில் வங்கிக்கு வருவார். லாக்கரைத் திறந்து உறையை எடுப்பார். மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அனுப்புவார். மறுபடி லாக்கரைத் திறந்து உறையை வைப்பார். காசோலை கொடுத்திருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும்.

"வீட்டுல இருந்தே செய்யலாம்னு சொன்னீங்களே மேடம்" என்று மகன் என்னிடம் வந்தார். "பட்டறைக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கி வெச்சேன். அதுல தையக்காரங்க பாட்டு கேக்குறாங்க."

பலகையில் என் பெயருக்கு நேராக ஒன்று கூடியிருந்தது. தலைமை அலுவலகத்துக்குப் போன அறிக்கையில் அவர் மாறிவிட்ட வாடிக்கையாளர்.

சில மாதங்கள் கழித்து அவருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு கண்ணில் கட்டு, மேலே கறுப்புக் கண்ணாடி. மற்றக் கண்ணும் சுமார்தான். அந்த வாரமே ஒரகடம் தொழிற்சாலை மறுபடி ஆர்டர் கொடுத்தது. முதலில் அந்த ஆர்டரை எடுத்தவரின் சரக்கில் கட்டைவிரல் பிரிந்துவிட்டதாம். மகன் அதைச் சொல்லும்போது இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு இருந்தது. நான் அவர்களை அம்மா பிள்ளையாகப் பார்த்தது அப்போதுதான்.

ராணிப்பேட்டைக்கு அன்றே பணம் போனால்தான் தோல் லாரி கிளம்பும். அதற்காக மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். மகன் பைக்கில் தனியாக வந்து வாசலில் நின்றார்.

தன் கையெழுத்துதான் சீக்கிரம் முடியும் என்று கிளவுஸ் அம்மா காசோலையையே முதலில் நீட்டினார். கவுண்டரிலிருந்தவர் திரையில் இருந்த மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுவிட்டுத் தயங்கினார். "ஒத்துப்போகலம்மா. வேற செக் இருந்தா மறுபடி போடுங்க."

போட்டார். அடுத்ததிலும் போட்டார். ஒவ்வொரு முறையும் கோட்டைவிட்டு இன்னும் கீழே இறங்கியது. கடைசிச் சுழி எங்கோ தனியாக விழுந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"என் கையெழுத்தே என்னை நான் இல்லைங்குது" என்றார். செக் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தார். "வாங்கம்மா, லாக்கரைத் திறங்க."

உறையோடு மூலைக் கம்ப்யூட்டருக்கு வந்தோம். உட்கார்ந்தார். முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோனார். எழுத்து தெரியவில்லை. மகன் உள்ளே வந்துவிட்டார்.

"உம்மா, கொடுங்க. நான் தட்டிடறேன்."

"நீ வண்டியைப் பாத்துக்க."

"வண்டி பூட்டிதான் இருக்கு."

"சாவி?"

"என்கிட்டதான்."

"அப்ப போயி அதைப் பாத்துக்க."

அவர் நின்றார். என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு வெளியே போனார்.

"நீ உக்காரு" என்று உறையை மருமகளிடம் நீட்டினார்.

அந்தப் பெண் கையைப் புர்காவில் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். கணக்குக்காரர் பக்கத்தில் இருக்கும்போது இன்னொருவர் தட்டலாமா என்று எங்கள் விதிகளில் எங்கேயாவது இருக்கிறதா என நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் விரல்கள் ஓடத் தொடங்கிவிட்டன. விசைகளைப் பார்க்காமலே தட்டினாள். கிளவுஸ் அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையைச் சாய்த்தார்.

"இவ்வளவு வேகமா எங்க கத்துக்கிட்ட?"

"காலேஜ்ல மாமி."

"சொல்லவே இல்ல."

"யாரும் கேக்கல மாமி."

திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. பாஸ்வேர்டின் காலம் முடிந்துவிட்டது, புதிதாகப் போட்டால்தான் உள்ளே விடும்.

"பழசு செல்லாதாம் மாமி. புதுசு போடணுமாம்."

"போடு, லாரி நிக்குது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். தட்டினாள். உறுதிப்படுத்த மறுபடி தட்டினாள். கணக்கு திறந்தது. பணம் போனது. அவள் வெளியேறும் பொத்தானை அழுத்திய பிறகுதான் கிளவுஸ் அம்மா கேட்டார்.

"என்ன போட்ட?"

அவள் மாமியாரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். கிளவுஸ் அம்மாவின் கறுப்புக் கண்ணாடியும் என் பக்கம் திரும்பியது.

"பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லக் கூடாதும்மா" என்றேன்.

தினமும் சொல்லும் வாக்கியம், தானாக வந்துவிட்டது. சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. கணக்கு கிளவுஸ் அம்மாவுடையது. தெரிய வேண்டியவரே அவர்தான், தெரியக் கூடாதவள் அந்தப் பெண். திருத்திச் சொல்ல வாயெடுத்தேன்.

கிளவுஸ் அம்மா கையை நீட்டி மருமகளின் வலது கையைத் தேடிப் பிடித்தார். கட்டைவிரல் சேருமிடத்தை இரண்டு விரலால் பற்றி ஒருமுறை இழுத்தார். அந்தப் பெண் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"மேடம் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாமி."

"என்கிட்டயும் சொல்ல வேணாம்."

எழுந்து, உறையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு லாக்கர் அறையைக் காட்டினார். மருமகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"அந்த உறை இனிமே எதுக்கும் ஆகாதும்மா" என்றேன். "உள்ள இருக்கறது பழைய பாஸ்வேர்டு."

"தெரியும்."

"அப்ப எதுக்கு?"

"பாஸ்வேர்டு எங்கன்னு அவன் வீட்டுல இவளைத்தான் குடைவான். ரெண்டு நாள் சாப்பிடாமகூட இருப்பான். அதுக்கு முன்னாடி நான் சொல்லிடுவேன், கவர் லாக்கர்ல இருக்குன்னு. பொய்யா?"

"இல்லம்மா."

"அப்ப திறங்க."

என் சாவியைப் போட்டுத் திருகினேன். அவர் தன் சாவியால் துளையைத் தேடினார். நான் பிடித்து வைத்திருக்கலாம். வேண்டாமென்று நின்றேன்.

"உங்க கார்டு கைக்கு வந்துச்சா?" என்றார், தேடிக்கொண்டே.

"கேக்கணும்மா."

"யாருதை யாருகிட்ட கேக்கப் போறீங்க?"

சாவி துளையில் நுழைந்தது.

உறையை உள்ளே வைத்துப் பூட்டிய பிறகு வாசல்வரை அவரைக் கொண்டுபோய் விட்டேன். மகன் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். லாரி கிளம்பிவிட்டதாக ராணிப்பேட்டையிலிருந்து போன் வந்துவிட்டது என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தார். பிறகு கேட்டார்.

"கவர் எங்க உம்மா?"

"லாக்கர்ல."

மகன் மனைவியைப் பார்த்தார். அவள் மாமியாரின் குடையை வாங்கிக்கொண்டு, வந்த ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.